நிறுவன ஆளுகை: சிறு பங்குதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு முதலீட்டாளர்களுக்கான கூட்டங்களில் பேசச் செல்லும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்களே என்னிடம் எழுப்பப்படுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, இந்தியச் சட்டத்தின் அடிப்படையில் விடை எழுதியிருக்கிறேன். விதிகளில் உள்ள வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே வழக்கு தொடுப்பதற்கோ புகார் அளிப்பதற்கோ முன், அன்றைய விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1. நிறுவன ஆளுகை என்றால் என்ன? மேனேஜ்மென்ட் என்பதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. எந்த ஊரில் ஆலை தொடங்குவது, பொருளை என்ன விலைக்கு விற்பது, யாரை வேலைக்கு எடுப்பது என்பவை நிர்வாகத்தின் முடிவுகள். அந்த முடிவுகளை எடுக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த எல்லைவரை இருக்கிறது, அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, கணக்கை யார் சரிபார்க்கிறார்கள், தவறு செய்தவரை யார் நீக்க முடியும் என்பவை ஆளுகையைச் சேர்ந்தவை. பணம் போட்டவர் ஒருவராகவும் அந்தப் பணத்தைக் கையாள்பவர் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில்தான் இந்தக் கேள்விகள் எழுகின்றன.

2. கம்பெனி அவர்கள் கட்டியது. லாபமோ நஷ்டமோ அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும்?

நஷ்டத்தை அவர்கள் முழுவதுமாகப் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். நிறுவனம் கடனில் மூழ்கினாலும் பங்குதாரரின் சொந்த வீட்டையும் நகையையும் கடன்காரர்கள் தொட முடியாது என்ற சலுகையைச் சட்டம் அளிக்கிறது. அந்தச் சலுகையைப் பெற்றவர் கணக்கை வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்பது தலையீடு ஆகாது. அது சலுகையோடு வரும் கடமை.

உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி அளித்துவந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் 2018-இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது அதன் மொத்தக் கடன் 91,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. அதன் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதே இல்லை. ஆனால் அதில் மிகப் பெரிய பங்குதாரராக இருந்தது எல்.ஐ.சி. கடன் கொடுத்தவர்களில் வங்கிகளும், பரஸ்பர நிதிகளும், தொழிலாளர் சேமநிதிகளும் இருந்தன. அந்தக் குழுமத்தின் பெயரையே கேட்டிராத குடும்பங்களின் சேமிப்பு அங்கே சிக்கியிருந்தது.

3. செபி என்கிறார்கள், ஆர்.ஓ.சி. என்கிறார்கள், ரிசர்வ் வங்கி என்கிறார்கள். உண்மையில் யார்தான் கண்காணிக்கிறார்கள்?

பலர் கண்காணிக்கிறார்கள், அதில் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது மத்திய நிறுவன விவகார அமைச்சகமும் அதன் கீழுள்ள நிறுவனப் பதிவாளர்களும் (ஆர்.ஓ.சி.). தமிழ்நாட்டில் சென்னையிலும் கோவையிலும் பதிவாளர் அலுவலகங்கள் உள்ளன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குக் கூடுதலாக, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. தணிக்கையாளர்களை விசாரிக்க தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 அக்டோபரில் அமைக்கப்பட்டது. பெரிய மோசடிகளை விசாரிக்கத் தனி அலுவலகமும், வழக்குகளைத் தீர்க்க தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமும் இருக்கின்றன.

பட்டியலிட்ட நிறுவனத்தின் மீது உங்களுக்குக் குறை இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். விடை இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். பட்டியலிடாத நிறுவனம் என்றால் பதிவாளரிடமோ தீர்ப்பாயத்திடமோ செல்ல வேண்டியிருக்கும்.

4. இந்த விதிகளெல்லாம் எப்போது வந்தவை? முன்பு எதுவுமே இல்லையா?

முன்பும் 1956-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் இருந்தது. ஆனால் மூலதன வெளியீடுகளைக் கட்டுப்படுத்தும் தனி அதிகாரி ஒருவர் தில்லியில் இருந்து, எந்த நிறுவனம் எவ்வளவு பங்கை என்ன விலைக்கு வெளியிடலாம் என்று தீர்மானித்த காலம் அது. 1992-இல் அந்த முறை ஒழிக்கப்பட்டு, 1988-இல் தொடங்கப்பட்ட செபிக்குச் சட்ட அதிகாரம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழலும் வெடித்தது.

1998-இல் இந்தியத் தொழில் கூட்டமைப்பு விருப்பத்தின் பேரில் பின்பற்றத்தக்க ஒரு நெறிமுறையை வெளியிட்டது. விருப்பத்துக்கு விட்டால் போதாது என்று செபி அமைத்த குமார் மங்கலம் பிர்லா தலைமையிலான குழு பரிந்துரைக்க, ஆளுகை நெறிகளைக் கட்டாயமாக்கும் 49-ஆம் பிரிவு 2000-இல் பங்குச் சந்தைப் பட்டியல் ஒப்பந்தத்தில் பிறந்தது. நாராயண மூர்த்தி குழு 2003-இல் அதைக் கடுமையாக்கச் சொன்னது. 2009-இல் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம் கணக்கு மோசடியால் சரிந்த பிறகு, பல ஆண்டுகளாக விவாதத்தில் இருந்த புதிய நிறுவனச் சட்டம் 2013-இல் நிறைவேறியது. உதய் கோடக் குழு 2017-இல் அளித்த பரிந்துரைகளில் பெரும்பகுதியைச் செபி மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது.

5. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நல்ல விதிகள் இருக்கின்றனவே. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா?

பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். இங்கிலாந்தில் நிறுவன ஆளுகை பற்றி 1992-இல் வெளிவந்த காட்பரி அறிக்கையின் சாயலை நமது 49-ஆம் பிரிவில் எளிதில் காணலாம். ஆனால் அந்த நாடுகளில் பெரிய நிறுவனங்களின் பங்குகள் ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கின்றன. அங்கே பங்குதாரர்களின் அச்சமெல்லாம், சம்பளத்துக்கு வந்த தலைமை நிர்வாகி தன் விருப்பம்போல் நடந்துகொள்வாரோ என்பதைப் பற்றியது. ஆகவே அவரைக் கண்காணிக்க வெளியாட்களை இயக்குநர் குழுவில் அமர்த்துவது அங்கே பொருத்தமான தீர்வு.

நம் நாட்டில் பட்டியலிட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒரு குடும்பத்தின் கையிலோ, அரசின் கையிலோ, வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் கையிலோ இருக்கின்றன. புரமோட்டர் என்று நாம் சொல்லும் அந்தத் தரப்பே பங்கையும் வைத்திருக்கிறது, நிர்வாகத்தையும் நடத்துகிறது. இங்கே மோதல் நிர்வாகிக்கும் பங்குதாரருக்கும் இடையில் இல்லை. பெரும்பான்மைப் பங்குதாரருக்கும் மற்றப் பங்குதாரர்களுக்கும் இடையில் இருக்கிறது. அந்த வெளியாட்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் புரமோட்டரிடமே இருக்கும்போது, இயக்குநர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் குறைவு. எந்த முடிவில் புரமோட்டருக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறதோ அந்த முடிவில் அவரது வாக்கை ஒதுக்கி வைப்பதும், தவறுக்கான தண்டனை விரைவில் வருவதுமே நம் நிலைமைக்கு ஏற்ற விதிகள் என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

6. சுயேச்சை இயக்குநர் என்கிறார்களே, அவரைக் கொண்டுவருவதே புரமோட்டர்தானே? பிறகு என்ன சுயேச்சை?

5-ஆம் பதிலில் சொன்ன, இயக்குநர் குழுவில் அமரும் வெளியாள்தான் சுயேச்சை இயக்குநர். சட்டம் கேட்கும் தகுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் புரமோட்டரின் உறவினராக இருக்கக் கூடாது. நிறுவனத்தோடு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பண உறவு இருக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகள் கொண்ட இரண்டு பதவிக் காலங்களுக்கு மேல் தொடர முடியாது. பட்டியலிட்ட நிறுவனத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் இத்தகையவர்களாக இருக்க வேண்டும். குழுத் தலைவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவராகவோ புரமோட்டர் தரப்பினராகவோ இருந்தால் பாதிப் பேர் வேண்டும்.

உங்கள் ஐயம் நியாயமானது. டாடா குழுமத்தின் தலைமையில் 2016-இல் எழுந்த பிணக்கில், நீக்கப்பட்ட தலைவருக்கு ஆதரவாகப் பேசிய நுஸ்லி வாடியா மூன்று டாடா நிறுவனங்களின் சுயேச்சை இயக்குநர் பதவியிலிருந்து பங்குதாரர் வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டார். அப்போது சாதாரணப் பெரும்பான்மையே அதற்குப் போதுமானதாக இருந்தது. பட்டியலிட்ட நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் சிறப்புத் தீர்மானம் தேவை என்பதே 2022 ஜனவரி முதல் பொது விதி (சிறப்புத் தீர்மானம் தோற்றாலும், சாதாரணப் பெரும்பான்மையும் புரமோட்டர் அல்லாதவர்களில் பெரும்பான்மையும் கிடைத்தால் நியமனம் செல்லும் என்ற மாற்று வழி அதே ஆண்டு நவம்பரில் சேர்க்கப்பட்டது). சிறப்புத் தீர்மானம் என்றால், ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும்.

இது போதுமா என்றால், கணக்கைப் பாருங்கள். நூறு பங்குகளில் புரமோட்டரிடம் 60 இருக்கின்றன. மற்றவர்களின் 40-இல் 20 மட்டுமே வாக்களிக்கின்றன. அந்த இருபதும் எதிராகவே விழுகின்றன. அறுபது என்பது இருபதின் மூன்று மடங்கு. தீர்மானம் நிறைவேறிவிடும்.

7. சத்யம் போர்டில் அவ்வளவு படித்தவர்கள் இருந்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

அந்தக் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர், முன்னாள் அமைச்சரவைச் செயலர் ஒருவர், இந்தியாவின் முன்னணி மேலாண்மைப் பள்ளி ஒன்றின் முதல்வர் ஆகியோர் இருந்தனர். நல்ல ஆளுகைக்கான விருது ஒன்றையும் அந்த நிறுவனம் 2008-இல் பெற்றிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தினருக்குச் சொந்தமான இரண்டு மேடாஸ் நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டம் அந்தக் குழுவின் முன் வைக்கப்பட்டு, ஒப்புதலும் பெற்றது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று வந்த ராஜுவின் கடிதம், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது.

படித்தவர்கள் ஏமாந்தது அவர்களின் அறிவுக் குறைவால் அல்ல. இயக்குநர் குழு தன் முன் வைக்கப்படும் தாள்களை வைத்தே முடிவெடுக்கிறது. அந்தத் தாள்களைத் தயாரிப்பது நிர்வாகம். வங்கி இருப்பு உண்மையா என்பதை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டியது தணிக்கையாளரின் வேலை. அது அங்கே முறையாக நடக்கவில்லை. ஆனால் மேடாஸ் தீர்மானத்துக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் குழு மறுத்திருக்க வேண்டும். அதைத் தடுத்து நிறுத்தியது குழுவுக்கு வெளியே இருந்த பங்குதாரர்களின் கோபம்தான்.

8. ‘தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை’ என்று ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக வருகிறது. அதில் என்ன அபாயம்?

ஆளுகையின் பெரும்பாலான சிக்கல்கள் இந்தப் பக்கங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. மச்சானின் நிறுவனத்திடமிருந்து மூலப்பொருளைக் கூடுதல் விலைக்கு வாங்குவது, புரமோட்டரின் கட்டடத்துக்கு அதிக வாடகை தருவது, குடும்பத்தின் வேறொரு தொழிலுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுப்பது, வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் உரிமத் தொகையை உயர்த்திக்கொண்டே போவது என இதன் வடிவங்கள் பல. இவற்றில் நேர்மையானவையும் ஏராளம். சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயிலும் புரமோட்டர் அல்லாதவரின் பங்கும் சேர்ந்து வெளியேறுகிறது என்பதுதான் கவலைக்குரியது.

இப்போதைய விதிப்படி, பட்டியலிட்ட நிறுவனத்தில் இத்தகைய பரிவர்த்தனைகளுக்குத் தணிக்கைக் குழுவின், அதாவது கணக்குகளை மேற்பார்வையிடும் இயக்குநர்களின் துணைக்குழுவின், முன் அனுமதி வேண்டும். அதிலும் சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே அனுமதி அளிக்க முடியும். தொகை பெரிதென்றால் பங்குதாரர்களின் ஒப்புதலும் வேண்டும். அந்த வாக்கெடுப்பில் தொடர்புடைய எந்தத் தரப்பும் ஆதரித்து வாக்களிக்க முடியாது. 2022 ஏப்ரலில் வந்த திருத்தத்தின்படி 1,000 கோடி ரூபாய் அல்லது ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது பெரிய தொகை எனப்பட்டது. இந்த அளவுகோல் திருத்தத்துக்கு உட்பட்டது. பிராண்டு, உரிமத் தொகைக்குத் தனி வரம்பு உண்டு: விற்றுமுதலில் 5 சதவீதம். செபி 2018-இல் முதலில் 2 சதவீதம் என்றே வகுத்து, 2019-இல் அதைத் தளர்த்தியது. அதையே வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மாருதி நிறுவனத்தின் குஜராத் ஆலை இந்த விதியின் வலிமையை நன்றாகக் காட்டுகிறது. அந்த ஆலை இனி மாருதிக்குச் சொந்தமாக இராது, அதன் ஜப்பானியத் தாய் நிறுவனமான சுசூகியே முழுமையாக வைத்திருக்கும் என்று 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பரஸ்பர நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வெளிப்படையாக எதிர்த்தன. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் மாருதிக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டன. சுசூகி அல்லாத பங்குதாரர்களின் ஒப்புதல் 2015 டிசம்பரில் பெறப்பட்ட பிறகே திட்டம் முன்னேறியது. சிறுபான்மையினரின் வாக்கு தேவை என்ற நிலை வந்ததுமே பேச்சுவார்த்தையின் தன்மை மாறிவிட்டது.

9. உறவினர் பெயரில் இல்லாமல், வேறு யாரோ ஒருவரின் கம்பெனி வழியாகப் பணத்தைச் சுற்றிவிட்டால்?

அதுவே பரவலான வழி. ஃபோர்டிஸ் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 403 கோடி ரூபாய், பார்வைக்குத் தொடர்பில்லாத நிறுவனங்களுக்குக் குறுகிய காலக் கடனாகக் கொடுக்கப்பட்டு, அங்கிருந்து புரமோட்டர்களின் பயனுக்குச் சென்றதாகச் செபி 2018 அக்டோபரில் தன் ஆணையில் கூறியது. இந்த ஓட்டையை அடைக்க 2023 ஏப்ரல் முதல் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்திருக்கிறது: எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும், பரிவர்த்தனையின் நோக்கமும் விளைவும் தொடர்புடைய தரப்புக்கு ஆதாயம் தருவதாக இருந்தால் அதுவும் தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனையாகவே கொள்ளப்படும். விதி சரியானது. நோக்கத்தை நிரூபிப்பதுதான் கடினம்.

10. என்னிடம் இருப்பதே நூறு பங்கு. நான் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

6-ஆம் கேள்விக்கான பதிலில் உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். வாக்களிக்காமல் வீட்டில் இருந்த அந்த 20 பங்குகளில் ஒன்றே ஒன்று எதிராக விழுந்திருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். தொடர்புடைய தரப்புத் தீர்மானங்களில் புரமோட்டரின் வாக்கு ஆதரவுக் கணக்கில் சேராது என்பதால் உங்கள் வாக்கின் எடை இன்னும் கூடுகிறது.

வாக்களிக்கக் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. டீமேட் கணக்கு வைத்திருக்கும் எவரும், பங்குகளை மின்னணு வடிவில் காத்துவைக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அமைப்பின் தளத்தில் நுழைந்து மின்னணு முறையில் வாக்களிக்கலாம். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணியோடு அந்த வாய்ப்பு முடிகிறது. நேரடியாகப் பங்கு வாங்காமல் பரஸ்பர நிதியில் பணம் போடுபவர்களுக்கும் வழி உண்டு: நிதிகள் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிப்பது 2022 ஏப்ரல் முதல் கட்டாயம், எப்படி வாக்களித்தன என்பதையும் அவை வெளியிட வேண்டும். உங்கள் நிதி எந்தப் பக்கம் நின்றது என்று பாருங்கள்; பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்டு எழுதுங்கள்.

பத்து சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்தால் சிறப்புப் பொதுக்கூட்டத்தையே கூட்டச் சொல்லலாம். ஃபோர்டிஸில் 2018 மே மாதம் அப்படித்தான் நடந்தது. ஏறத்தாழ 12 சதவீதம் வைத்திருந்த இரண்டு முதலீட்டு அமைப்புகள் நான்கு இயக்குநர்களை நீக்கக் கோரின. மூவர் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினர், நான்காமவர் வாக்கெடுப்பில் நீக்கப்பட்டார்.

11. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அதை நம்பலாம் அல்லவா?

ஓரளவுக்கு நம்பலாம். முன்பு ஒரே தணிக்கை நிறுவனம் ஒரு நிறுவனத்தோடு பல பத்தாண்டுகள் ஒட்டியிருக்க முடிந்தது. இப்போது பட்டியலிட்ட நிறுவனங்களில் தனிநபர் தணிக்கையாளருக்கு 5 ஆண்டு, தணிக்கை நிறுவனத்துக்கு 10 ஆண்டு என்று எல்லை வந்துவிட்டது. ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள மோசடியைக் கண்டால் அவர் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால், தேசிய நிதி அறிக்கை ஆணையம் 10 ஆண்டுகள் வரை அவரைத் தொழிலிலிருந்து விலக்கி வைக்கலாம்.

அவர் எப்போது கையெழுத்துப் போட்டார் என்பதைவிட எப்போது போட மறுத்தார் என்பதைக் கவனியுங்கள். பதவிக் காலத்தின் நடுவே விலகும் தணிக்கையாளரின் கடிதம் பங்குச் சந்தைத் தளத்தில் வெளியாகும். சொந்தக் காரணம் என்று மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் ஆண்டு முடியும் தறுவாயில் அந்தக் கடிதம் வந்தால் நான் கவலைப்படுவேன்.

12. லட்சுமி விலாஸ் வங்கியில் நாங்கள் ஓட்டுப் போட்டு இயக்குநர்களையே நீக்கினோம். அப்புறமும் எங்கள் பங்கு ஏன் பூஜ்யம் ஆனது?

கரூரில் 1926-இல் தொடங்கப்பட்ட அந்த வங்கியின் பங்குகளைக் குடும்பச் சொத்துப்போல் தலைமுறையாக வைத்திருந்தவர்கள் நம் ஊர்களில் பலர். ஆகவே இந்தக் கேள்வி வேதனையோடு வருகிறது. 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில், நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தைப் பங்குதாரர்கள் நிராகரித்தார்கள். நவம்பர் 17 அன்று வங்கியின் செயல்பாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. 27 அன்று அது சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை வைத்திருந்தவர்களுக்கு இழப்பில்லை. பங்கு மூலதனம் முழுவதும் நீக்கப்பட்டது.

வங்கியில் பங்குதாரர் கடைசி வரிசையில் நிற்பவர்; வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி வகுக்கும் இணைப்புத் திட்டத்தில் முதலில் காப்பாற்றப்படுபவர் வைப்பாளர். அது சரியான வரிசைதான். ஆனால் 2019 செப்டம்பரிலேயே அந்த வங்கி ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் வந்துவிட்டது. அதாவது கடன்கள் கெட்டுப்போய் மூலதனம் கரைந்தது வாக்கெடுப்புக்கு வெகு முன்பே நடந்த கதை. மேலும் அங்கே புரமோட்டர்களின் பங்கு மிகக் குறைவு. 5-ஆம் பதிலில் நான் சொன்ன பொதுநிலைக்கு இது விலக்கு: கட்டுப்படுத்தும் பெருங்கை இல்லாத இடத்திலும், கண்காணிக்கும் கை இல்லையென்றால் அழிவு வரும்.

13. மோசடி நடந்துவிட்டால் எனக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைப்பதில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சத்யத்தின் பங்குகளை அமெரிக்கச் சந்தையில் வாங்கியவர்கள் கூட்டு வழக்குத் தொடுத்து, 2011-இல் அந்த நிறுவனத்திடமிருந்து 12.5 கோடி டாலரும் தணிக்கையாளர் தரப்பிடமிருந்து 2.55 கோடி டாலரும் சமரசமாகப் பெற்றார்கள். அதே நிறுவனத்தின் பங்கை மும்பைச் சந்தையில் வாங்கிய நம்மவர்களுக்கு அத்தகைய வழி அன்றைய சட்டத்தில் இல்லை.

இப்போது 2013 சட்டத்தின் 245-ஆம் பிரிவு இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2016-இல். பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால், 100 பங்குதாரர்கள் சேர்ந்தோ 2 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்தோ தீர்ப்பாயத்தை அணுகி, இயக்குநர்களிடமும் தணிக்கையாளரிடமும் இழப்பீடு கோரலாம். வங்கி நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்பதால் 12-ஆம் கேள்வி கேட்டவருக்கு அது உதவாது. வழக்குச் செலவைத் தாங்கும் ஏற்பாடு வலுவாக இல்லாததால் மற்றவர்களும் இதை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். நல்ல ஆயுதம் உறையிலேயே இருக்கிறது. அதை வெளியே எடுக்க முதலீட்டாளர் சங்கங்கள் முன்வர வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

14. அரசு கம்பெனிகளுக்கு இதெல்லாம் பொருந்துமா, இல்லை விதிவிலக்கா?

பட்டியலிடப்பட்டிருந்தால் பொருந்தும். மத்திய அரசின் நிறுவனங்கள் மட்டுமல்ல, நம் மாநிலத்தின் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்றவையும் பட்டியலில் உள்ளவையே. நடைமுறையில், மத்திய அரசு நிறுவனங்களின் இயக்குநர்களைத் துறை அமைச்சகமே நியமிக்கிறது. சுயேச்சை இயக்குநர் இடங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. பங்குச் சந்தைகள் அபராதம் விதிக்கின்றன. நியமனம் எங்கள் கையில் இல்லை என்று நிறுவனங்கள் பதில் எழுதுகின்றன. குறைந்தது 25 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் அரசு நிறுவனங்களுக்குக் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. விதி வகுக்கும் அரசே பெரும்பான்மைப் பங்குதாரராகவும் இருக்கும்போது, தனியாரிடம் அந்த விதியை வலியுறுத்தும் தார்மீக வலிமை குறைந்துபோகிறது.

15. எங்களுடையது அப்பா, சித்தப்பா நடத்தும் பிரைவேட் லிமிடெட். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சுயேச்சை இயக்குநர் தேவையில்லை, தணிக்கைக் குழு தேவையில்லை. ஆனால் இயக்குநரின் கடமைகள், கணக்குகளைத் தாக்கல் செய்தல் போன்றவை உங்களுக்கும் உண்டு. சித்தப்பா காலமான பிறகு அவர் மகளுக்குக் கணக்கைக் காட்ட மறுப்பதும், அவர் பங்கின் விகிதத்தைக் குறைக்கும் நோக்கத்தில் புதிய பங்குகளை வெளியிடுவதும், 241-ஆம் பிரிவின் கீழ் சிறுபான்மையினரை ஒடுக்குதல் என்ற வழக்காகத் தீர்ப்பாயத்துக்குப் போகக்கூடியவை. பத்தில் ஒரு பங்கு வைத்திருக்கும் எவரும் அந்த வழக்கைத் தொடுக்கலாம். சுமுகமாக இருக்கும் நாட்களிலேயே பங்கு மாற்றம், வாரிசு உரிமை, இலாபப் பங்கீடு ஆகியவற்றைக் குடும்பம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

16. சி.எஸ்.ஆர். நிறையச் செய்யும் கம்பெனி நல்ல ஆளுகை உள்ள கம்பெனிதானே?

இரண்டும் வேறு. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிடுவது 135-ஆம் பிரிவின்படி சட்டக் கடமை. பள்ளிக்குக் கட்டடம் கட்டிக்கொடுத்தவர் 8-ஆம் பதிலில் சொன்ன பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

17. வளரும் நாட்டில் இவ்வளவு விதி போட்டால் தொழில் எப்படி வளரும்? செலவு யார் தலையில்?

இது மறுக்க முடியாத கவலை. நூறு கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனமும் லட்சம் கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனமும் ஒரே எண்ணிக்கையில் அறிக்கைகள் எழுத வேண்டும் என்றால் சிறியது சந்தைக்கே வராது. அதனால்தான் பல விதிகள் சந்தை மதிப்பில் முதல் 500, முதல் 1,000 நிறுவனங்களுக்கு மட்டும் விதிக்கப்படுகின்றன. இது சரியான அணுகுமுறை. தாமதமாகப் படிவம் தாக்கல் செய்தது போன்ற சிறு பிழைகள் பலவற்றை 2019, 2020 திருத்தங்கள் குற்ற வழக்கிலிருந்து அபராதத்துக்கு மாற்றியதும் வரவேற்கத்தக்கது.

ஆனால் எல்லாத் தளர்வும் ஒன்றல்ல. குழுத் தலைவரும் நிர்வாக இயக்குநரும் வெவ்வேறு நபர்களாக, உறவினர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று முதல் 500 நிறுவனங்களுக்கு வகுக்கப்பட்ட விதி, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2022 பிப்ரவரியில் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதில் செலவு ஏதும் இல்லை. குடும்பங்களின் தயக்கமே காரணம். பிரேசில் இதே தயக்கத்தை வேறு விதமாக அணுகியது. அங்கே சட்டத்தை மாற்றக் குடும்பங்கள் இசையாததால், சாவோ பாவுலோ பங்குச் சந்தை 2000-இல் நோவோ மெர்காடோ என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. வாக்குரிமையுள்ள பங்குகளை மட்டுமே வெளியிடுவது உள்ளிட்ட கடுமையான நிபந்தனைகளை ஏற்பவர்கள் மட்டும் அதில் சேரலாம். முதலீட்டாளர்களின் நம்பிக்கையை நாடிய புதிய நிறுவனங்கள் தாமாகவே அதில் சேர்ந்தன.

18. ஒரே ஒரு விதியை மாற்றும் அதிகாரம் உங்களுக்குக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்?

சுயேச்சை இயக்குநரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற விதியை. இது புதிய யோசனை அல்ல. நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் இரண்டு வாக்கெடுப்புகள் வேண்டும், எல்லாப் பங்குதாரர்களின் ஒப்புதலும் புரமோட்டர் அல்லாதவர்களில் பெரும்பான்மையின் ஒப்புதலும் தனித்தனியே தேவை என்று செபியே 2021 மார்ச்சில் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையில் முன்மொழிந்தது. கருத்துக் கேட்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டு, 6-ஆம் பதிலில் நாம் பார்த்த சிறப்புத் தீர்மான முறை வந்தது. குடும்ப ஆதிக்கம் மிகுந்த இஸ்ரேலிலும் இத்தாலியிலும் சிறுபான்மையினரின் குரலுக்கு இடம் தரும் முறைகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இஸ்ரேலில் வெளி இயக்குநரின் நியமனத்துக்குக் கட்டுப்படுத்தும் தரப்பைச் சேராதவர்களின் ஒப்புதல் வேண்டும். இத்தாலியில் சிறுபான்மைப் பங்குதாரர்கள் தம் பட்டியலிலிருந்து குறைந்தது ஒருவரைக் குழுவுக்கு அனுப்பலாம். தொழில் நின்றுவிடவில்லை.

இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தால் காலக்கெடுவைக் கேட்பேன். சத்யம் சரிந்தது 2009 ஜனவரியில். ராஜுவின் மீதான செபியின் ஆணை 2014-இல் வந்தது. குற்றவியல் நீதிமன்றத்தின் தண்டனை 2015-இல் வந்து, மேல்முறையீட்டில் அடுத்த மாதமே நிறுத்தி வைக்கப்பட்டது. தணிக்கை நிறுவனத்துக்குச் செபி 2018-இல் விதித்த தடை, 2019-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தால் ரத்து செய்யப்பட்டது. விசாரணையை இரண்டு ஆண்டுகளில் முடித்து ஆணை பிறப்பிக்கத் தேவையான ஆட்களைச் செபிக்கும், காலியிடங்கள் இல்லாத அமர்வுகளைத் தீர்ப்பாயங்களுக்கும் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; வரவுசெலவுத் திட்டத்தில் பணமும் உரிய நேரத்தில் நியமனங்களும் போதும்.